ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தீயை ஆராய அதில் என்ன இருக்கிறது?

ஜூன் 2, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

பள்ளியில் தீ முக்கோணம் படித்தோம். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். மூன்றும் சேர்ந்தால் எரியும், ஒன்றை எடுத்தால் அணையும். இதற்கு மேல் தீயில் என்ன இருக்கிறது? நிக்கோலாய் செமியோனோவ் என்ற ரஷ்யர் 1956-இல் இதற்காக வேதியியல் நோபல் வாங்கியிருக்கிறார். எனக்கென்னவோ இது அடுப்பு செய்கிறவர், என்ஜின் செய்கிறவர் வேலையாகத்தான் தெரிகிறது. வேதியியல் எங்கே வருகிறது?

ஜூன் 2, இரவு

முக்கோணம் தவறில்லை, போதாது. ஹாலான் 1301 என்ற வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் அறைகளிலும் விமானங்களிலும் தீயணைக்க வைத்திருந்தார்கள். அறைக் காற்றில் 5 சதவீதம் போல அது கலந்தால் தீ அணைந்துவிடும். 5 சதவீதம் கலந்ததால் ஆக்சிஜன் எவ்வளவு குறையும்? 21-லிருந்து 20-க்கு வரும், அவ்வளவுதான். மனிதர் அங்கே நின்று மூச்சு விடலாம். எரிபொருள் அப்படியே இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது, அந்தக் கொஞ்சம் வாயு உறிஞ்சும் வெப்பமும் பெரிதில்லை. பிறகு ஏன் அணைந்தது? உங்கள் முக்கோணத்தில் இதற்குப் பதில் இல்லை. தீயணைப்புத் துறைக்காரர்கள் இப்போதெல்லாம் நான்காவதாக ஒரு முகம் சேர்த்துத்தான் பாடம் எடுக்கிறார்கள். அந்த நான்காவது முகத்துக்குப் பெயர் தொடர்வினை: ஒரு வினை அடுத்ததைத் தூண்டும், அது அதற்கடுத்ததைத் தூண்டும். அதைக் கண்டு சொன்னவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்தான் நீங்கள் கேட்கும் செமியோனோவ்.

நாளை விரிவாக எழுதுகிறேன். எனக்கு இந்த மனிதர் மேல் தனிப் பிடிப்பு உண்டு. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஜூன் 3

1926, லெனின்கிராட். செமியோனோவுக்கு 30 வயது, இயற்பியலாளர் யோஃபேயின் நிறுவனத்தில் ஒரு ஆய்வகத்தை நடத்துகிறார். இயற்பியல் படித்தவர். அவரிடம் யூலி காரிட்டோன் என்ற 22 வயதுப் பையன், சினாய்டா வால்ட்டா என்ற பெண். பாஸ்பரஸ் ஆவி ஆக்சிஜனோடு சேரும்போது மங்கலாக ஒளி விடும் அல்லவா, அந்த வினையில் வெளிப்படும் ஆற்றலில் எவ்வளவு ஒளியாகிறது என்று அளந்து பார்ப்பதுதான் இருவருக்கும் கொடுத்த வேலை. சாதாரண வேலை. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிப் பாத்திரம், அதற்குள் பாஸ்பரஸ் ஆவி. ஒரு நுண்குழாய் வழியாக ஆக்சிஜனை மெல்ல மெல்ல உள்ளே விடுகிறார்கள்.

ஒளி இல்லை. ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, பாஸ்பரஸ் பக்கத்திலேயே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் சட்டென்று ஒளிர்கிறது. அந்த எல்லையும் ஒரு மில்லிமீட்டர் பாதரசத்துக்கு வெகு கீழே (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் இந்த அளவில் 760).

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அன்றைய வேதியியலுக்கு இது ஒத்தே வராது. ஆக்சிஜனைப் பாதியாக்கினால் வினை மெதுவாகலாம், பத்தில் ஒன்றாக்கினால் இன்னும் மெதுவாகலாம். ஒரு கோட்டுக்கு மேலே முழு வேகம், கோட்டுக்குக் கீழே பூஜ்யம் என்று ஆகக் கூடாது. இதைவிட விசித்திரம் அடுத்தது. ஒளிராமல் கிடந்த பாத்திரத்துக்குள் ஆர்கானைச் செலுத்தினார்கள். எதனோடும் சேராத மந்த வாயு. அது போனதும் ஒளிர்ந்தது!

கட்டுரை ஜெர்மன் ஆய்விதழில் வந்தது. பெர்லினிலிருந்து மாக்ஸ் போடன்ஸ்டைன் பதில் எழுதினார். வேதிவினைகளின் வேகத்தை ஆராயும் வினைவேகவியலில் அன்றைக்கு அவர் சொல்தான் கடைசிச் சொல். தொடர்வினை என்ற கருத்தையே 1913-இல் ஹைட்ரஜன் - குளோரின் வினைக்காக முதலில் முன்வைத்தவர் அவர்தான். அவர் சொன்னதன் சாரம்: நீங்கள் பார்த்தது மாயை, உங்கள் சோதனை அமைப்பில் பிழை.

ஜூன் 3, சற்றுக் கழித்து

தூங்கப் போய்விட்டு எழுந்து வந்து எழுதுகிறேன். இந்த இடத்தை விட்டால் மனம் அடங்காது.

காரிட்டோன் அதற்குள் கேம்பிரிட்ஜ் போய்விட்டார், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்துக்கு. வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சம், அதையும் உலகத்தின் பெரிய நிபுணர் மறுத்துவிட்டார். அந்த நிலையில் பத்தில் ஒன்பது ஆய்வகத் தலைவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், நான் அப்படிப்பட்டவர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். விஷயத்தைப் பேசாமல் மூடிவிடுவார்கள். செமியோனோவ், ஷால்னிகோவ் என்ற இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தானே வெற்றிடப் பம்ப் முன்னால் உட்கார்ந்து சோதனையை முதலிலிருந்து செய்தார். போடன்ஸ்டைன் எங்கெல்லாம் பிழை இருக்கலாம் என்றாரோ அதையெல்லாம் நீக்கிவிட்டுச் செய்தார். எல்லை அப்படியே நின்றது. ஆர்கான் விளைவும் நின்றது. கூடவே புதிதாக ஒன்று கிடைத்தது: பாத்திரம் பெரிதானால் எல்லை இறங்குகிறது. துல்லியமாகச் சொன்னால், பாஸ்பரஸ் அழுத்தத்தையும் ஆக்சிஜன் அழுத்தத்தையும் பெருக்கி வரும் எண், பாத்திர விட்டத்தின் இருமடிக்குத் தலைகீழாகப் போகிறது. விட்டம் இரட்டிப்பானால் எல்லை கால் பங்காகிவிடும்.

பாத்திரத்தின் அளவுக்கும் வேதிவினைக்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு எல்லாம் விளங்கியது இந்தக் கேள்வியில்தான்.

போடன்ஸ்டைன் பிறகு ஒப்புக்கொண்டார். அவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு.

ஜூன் 4

சரி, விளக்கம். பாஸ்பரஸைவிட ஹைட்ரஜனை வைத்துச் சொன்னால் எளிது.

ஒரு தனி ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறை மோதுகிறது. ஒரு ஆக்சிஜன் அணுவும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒவ்வொன்று ஒட்டிய ஒரு ஓஎச் துண்டும் வெளிவருகின்றன. உள்ளே போனது ஒரு துண்டு, வெளியே வந்தது இரண்டு. ஆக்சிஜன் அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை மோதினால் இன்னொரு ஓஎச், இன்னொரு ஹைட்ரஜன் அணு. ஓஎச் துண்டுகள் ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் மூலக்கூறை மோதித் தண்ணீராகி ஒரு ஹைட்ரஜன் அணுவை விட்டுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்று மூன்றாகியிருக்கும். மூன்று ஒன்பதாகும். இதுதான் கிளைத் தொடர்வினை. போடன்ஸ்டைனின் சங்கிலியில் ஒன்று போய் ஒன்று வரும், கிளை கிடையாது. கிளை இருக்கக்கூடும் என்று 1923-இலேயே கிறிஸ்டியன்சன், கிராமர்ஸ் இருவரும் யோசித்திருந்தார்கள். ஆனால் அது இப்படி ஒரு பாத்திரத்துக்குள் கண்ணெதிரே நடக்கிறது என்று காட்டியது லெனின்கிராட்.

இந்தத் துண்டுகளுக்கு ஒரு எதிரி உண்டு, பாத்திரத்தின் சுவர். சுவரில் பட்டால் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். அழுத்தம் குறைவாக இருந்தால் இடையில் மோத ஆளில்லை, பிறந்த துண்டு நேராகச் சுவருக்குப் போய்விடும். பிறப்பைவிட இறப்பு அதிகம், அதனால் ஒன்றும் நடக்காது. அழுத்தம் ஏறி, பிறப்பு இறப்பை ஒரு மயிரிழை மிஞ்சினால் போதும், பெருகிக்கொண்டே போய்ப் பற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு நிலை கிடையாது. கோடு ஏன் அவ்வளவு கூர்மை என்பதற்குப் பதில் இது. பெரிய பாத்திரத்தில் சுவர் தூரம், அதனால் எல்லை இறங்குகிறது. ஆர்கான்? அது வினையில் சேரவே இல்லை. திருவிழாக் கூட்டம் மாதிரி குறுக்கே நிற்கிறது, துண்டு சுவர் போய்ச் சேரத் தாமதமாகிறது. அதற்குள் அது பிள்ளை பெற்றுவிடும்.

எனக்கு முதன்முதலில் இது புரிந்த மதியம் நினைவிருக்கிறது. கேண்டீனில் டீ ஆறிப்போயிருந்தது.

ஜூன் 4

ஹாலானுக்கு வருகிறேன். அதிலுள்ள புரோமின் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்ததை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. இங்கே சுவர் வேண்டாம், தீயின் நடுவிலேயே துண்டுகளுக்குச் சாவு. அதே புரோமின் மேலே போனால் ஓசோனை அழிக்கிறது, அதுவும் ஒரு தொடர்வினையால்தான். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலிருந்து ஹாலான் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பொட்டாசியம் பைகார்பனேட் தூள் தூவும் சிலிண்டர்கள் வேலை செய்வதிலும் இந்தச் சங்கிலி அறுப்புக்குப் பங்கு உண்டு.

ஜூன் 6

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் அழுத்தம் கூடக்கூட எரிவது எளிதாகிக்கொண்டே போக வேண்டும், சரியா?"

இல்லை! நல்ல கேள்வி. தூய ஆக்சிஜனில் சாதாரண அழுத்தத்தில் பாஸ்பரஸ் ஒளிராது, அழுத்தத்தைக் குறைத்தால்தான் ஒளிரும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். மேலேயும் ஒரு எல்லை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சிரில் ஹின்ஷெல்வுட் இதே காலத்தில் ஹைட்ரஜன் - ஆக்சிஜன் கலவையில் இதைத் தீர்த்தார். நோபலை 1956-இல் செமியோனோவோடு பகிர்ந்துகொண்டவர். ஒரு சிறிய கண்ணாடிக் குடுவை, 500 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குக் கீழே அமைதி. அதற்கு மேல் 50 மில்லிமீட்டர் வரைக்கும் வெடிக்கும். 50-ஐத் தாண்டினால் மறுபடி அமைதி. இன்னும் பல மடங்கு ஏற்றி, சில வளிமண்டல அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் மீண்டும் வெடி. நடுவில் ஏன் அமைதி என்றால், நெரிசல் கூடும்போது ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜன் மூலக்கூறும் சேருமிடத்தில் மூன்றாவதாக ஒரு மூலக்கூறு வந்து இடித்து, எச்ஓ2 என்ற மந்தமான துண்டாக மாற்றிவிடுகிறது. அது பெருகாமல் அலைந்து சுவரில் போய் முடியும்.

வெப்பநிலையையும் அழுத்தத்தையும் வைத்து இந்த எல்லைகளை வரைந்தால், வெடிக்கும் பகுதி ஒரு தீபகற்பம் மாதிரி இருக்கும். பயிற்சி இல்லாமல் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், கண்ணாடி கண்ணில் தெறிக்கும்.

ஜூன் 7

வீட்டில் பார்க்கக் கூடிய ஒன்று சொல்கிறேன். காஸ் அடுப்பை ஏற்றி, மாவு சலிக்கும் கம்பி வலைச் சல்லடையை மேலிருந்து இறக்கினேன். தீ வலையில் முட்டித் தட்டையாகப் பரவியது, மேலே வரவில்லை. வலைக்கு மேலே காஸ் வாடை வந்தது. அதாவது எரிபொருள் மேலே போகிறது, தீ போகவில்லை. சில நொடிகளில் கம்பி நடுவில் சிவந்தது, உடனே தீ மேலே தாவியது. ஹம்ஃப்ரி டேவி 1815-இல் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் செய்த விளக்கு இதேதான், சுடரைச் சுற்றிக் கம்பி வலை. செமியோனோவின் சுவர் இங்கே உங்கள் கையிலேயே இருக்கிறது, துண்டுகள் கம்பியில் பட்டுச் சாகின்றன.

ஜூன் 7, இரவு

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். என் நண்பர் ஒருவர் போனில் கடிந்துகொண்டார், அவர் சொல்வது சரி. சல்லடையில் முக்கியமாக நடப்பது வெப்ப இழப்பு. உலோகம் சூட்டை இழுத்துக்கொள்கிறது, மேலே போகும் வாயு பற்றும் சூட்டுக்கு வருவதில்லை. கம்பி சிவந்ததும் தீ தாவியதே அதற்குச் சாட்சி. துண்டுகள் சாவதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், ஆனால் அதை முதல் காரணமாகச் சொன்னது தவறு.

இதையும் செமியோனோவே பிரித்துக் காட்டியிருக்கிறார். 1928-இல் வெப்ப வெடிப்புக்கு ஒரு கோட்பாடு கொடுத்தார். வினை தரும் வெப்பம் சூடு ஏற ஏறத் தாறுமாறாகக் கூடும், சுவர் வழியாக வெளியேறும் வெப்பமோ நேர்கோட்டில்தான் கூடும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுகிற நிலை இருக்கும்வரை பாத்திரம் தாங்கும். தொட்டும் தொடாமலும் நிற்கும் புள்ளியைத் தாண்டினால் வெடி. ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளுக்குள்ளேயே புகைந்து பற்றுவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். முதலில் நுண்ணுயிர்கள் சூடாக்கும், பிறகு சாதாரண ஆக்சிஜனேற்றம் அந்தச் சூட்டை ஏற்றும். போர் பெரிதாக இருந்தால் சூடு வெளியே போக வழி இல்லை. இங்கேயும் அளவுதான் தீர்மானிக்கிறது. கணக்கும் அவர் கணக்குதான்.

அவருடைய அறிவில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஒன்றைக் கண்டுபிடித்தோம், இனி எல்லாவற்றுக்கும் அதுவே விளக்கம் என்று அவர் போகவில்லை.

ஜூன் 9

செமியோனோவின் வேலை வாழ்க்கையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896-இல் சரத்தோவில் பிறந்தவர். 1931-இல் லெனின்கிராடில் வேதி இயற்பியல் நிறுவனம் தொடங்கி, 1986-இல் இறக்கும்வரை, 55 ஆண்டுகள், அவரே இயக்குநர். இரண்டாம் உலகப் போரில் நிறுவனம் கசானுக்கு இடம்பெயர்ந்தது, பிறகு மாஸ்கோ. நோபல் பெற்ற முதல் சோவியத் குடிமகன்.

பட்டியலைவிட ஒரு படம் நன்றாகச் சொல்லும். 1921-இல் ஓவியர் குஸ்தோதியெவ் இரண்டு இளைஞர்களைச் சேர்த்து வரைந்திருக்கிறார், செமியோனோவும் பியோத்தர் கபித்சாவும். நீங்கள் புகழ்பெற்றவர்களைத்தான் வரைவீர்களாம், நாங்களும் புகழ்பெறப் போகிறோம், எங்களை வரையுங்கள் என்று போய் நின்றார்களாம். கூலியாக ஒரு சேவலும் ஒரு மூட்டைத் தினையும் கொடுத்தார்கள் என்பார்கள், ஒரு மில்லைப் பழுதுபார்த்துச் சம்பாதித்தது. பஞ்ச காலம். ஒருவருக்கு 1956-இல் நோபல், மற்றவருக்கு 1978-இல்.

ஜூன் 9

ஆட்களைப் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். 1931-இல் பதினேழு வயதுப் பையன் ஒருவன் நிறுவனத்துக்கு வந்தான், கல்லூரிப் பட்டமே கிடையாது. பெயர் யாக்கோவ் செல்தோவிச். சேர்த்துக்கொண்டார்கள். 1938-இல் அவரும் ஃபிராங்க்-காமெனெத்ஸ்கியும் தீச்சுவாலை எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதற்குக் கோட்பாடு எழுதினார்கள். சூடான சுவாலையில் காற்றின் நைட்ரஜனே எரிந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகும் வழியைக் காட்டியதும் செல்தோவிச்தான். லாரிப் புகைக்கும் மின் நிலையப் புகைக்கும் இன்று போடும் கணக்கில் அவர் பெயர் இருக்கிறது.

ஜூன் 10

சிலர் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். 1939-40-இல் யுரேனியத்தில் தொடர்வினை நடக்குமா என்று கணக்குப் போட்டவர்கள் அதே காரிட்டோனும் அதே செல்தோவிச்சும். பிறப்பு, இறப்பு, மேற்பரப்பு வழியே இழப்பு, அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் பெருக்கம். பாஸ்பரஸ் பாத்திரத்துக் கணக்கு நியூட்ரானுக்கு அப்படியே பொருந்தியது. மங்கலான பச்சை ஒளியைப் பார்த்த அந்த 22 வயதுப் பையன் பிறகு பல பத்தாண்டுகள் சோவியத் அணுகுண்டு வடிவமைப்பின் அறிவியல் தலைவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும். வால்ட்டாவின் பெயரோ அந்த ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசும்போதுதான் வருகிறது. அதுவும் எனக்கு வருத்தம்தான்.

ஜூன் 14

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஹைட்ரஜன் - ஆக்சிஜன் கீழ் எல்லையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். பைரெக்ஸ் குடுவை, வெற்றிடப் பம்ப், சுற்றி உலை. நாலு மாதம் ஒழுங்காக வந்த எண்கள் ஒரு கோடையில் திடீரென்று மேலே ஏறிவிட்டன. பழைய எல்லையில் வெடிக்கவில்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அழுத்தத்தில்தான் வெடித்தது. கசிவு தேடினேன், மேனோமீட்டரை மாற்றினேன், ஒன்றும் இல்லை. கைடிடம் காட்டினேன். சிதறல், இதையெல்லாம் விட்டுவிட்டு முந்தைய நாலு மாதத்தை மட்டும் எழுது என்றார். நான் எழுதினேன். பட்டமும் வந்தது.

என் கைடு போடன்ஸ்டைன் இல்லை, நானும் மறுபடி பம்ப் முன்னால் உட்காரவில்லை. இந்த இழையில் செமியோனோவ் உட்கார்ந்த இடத்தை நான் ஏன் தூக்கம் கெட்டு எழுதினேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஜூன் 15

"அந்த எண்கள் இன்னும் இருக்கின்றனவா?" என்று கேட்டவரே கேட்டிருக்கிறார். பரணில் இருக்க வேண்டும்.

ஜூன் 22

நோட்டு கிடைத்தது. கரையான் ஓரத்தை அரித்திருக்கிறது, எண்கள் தெளிவாக இருக்கின்றன. எல்லை ஏறியது ஒரே நாளில், இடைப்பட்ட எண்ணே கிடையாது. முந்தின நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: குடுவை கழுவக் கொடுத்தது.

அது தண்ணீர்ப் பஞ்ச வருடம். எங்கள் லேபில் காய்ச்சி வடித்த தண்ணீர் செய்யும் கருவி குழாய்த் தண்ணீர் வராமல் பல வாரம் நின்றுகிடந்தது. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், வாளி காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் அலசிய குடுவையை உலையில் வைத்தால் உள்சுவரில் உப்பு பூசியதாகிவிடும். ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பொட்டாசியம் குளோரைடு கரைசலால் குடுவையைப் பூசிச் சோதித்திருக்கிறார்கள். உப்புச் சுவர் துண்டுகளை வெறும் கண்ணாடியைவிட வேகமாகக் கொல்லும், அதனால் கீழ் எல்லை மேலே போகும். இதை நான் அன்றைக்கே படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். குடுவையைக் கழுவியவரிடம் போய் அண்ணே, எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

உறுதியாகச் சொல்ல இன்னும் ஒரு சோதனை வேண்டும். ஒரே குடுவை, முதலில் அமிலத்தில் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி ஒரு வரிசை, பிறகு போர் தண்ணீரில் அலசிக் காயவைத்து ஒரு வரிசை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது இதே துறையில் லேப் வைத்திருக்கிறாள். நேற்று கூப்பிட்டுச் சொன்னேன். "சார், எங்க போர் தண்ணி அவ்வளவு உப்பு இல்லையே" என்றாள். எங்கள் தெருத் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.